லீவர் துவக்குக்கு எந்த ஈயச் சன்னம்: கடினமானதா, அளவானதா, பூச்சுப் போட்டதா?

அக்காவின் மகன் ஒன்ராறியோவில் இருக்கிறான். மான் வேட்டைக்கென்று பழைய மார்லின் 336 லீவர் துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறான். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த ரவை ஏறும் வகை அது. சுடுகுழலுக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடும், அதற்குள் ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கடை ரவை வாங்கிப் பழகக் கட்டுபடியாகவில்லை, ரவையின் நுனியில் இருந்து பறக்கும் ஈயச் சன்னத்தைத் தானே வார்க்கப் போகிறேன் என்றான். "மாமா, குழலுக்குள்ள ஈயம் ஒட்டாமல் இருக்க எந்த ஈயம் நல்லது?" என்று கேட்டான்.

என்னிடம் கேட்க ஒரு காரணம் உண்டு. நான் அச்சுக்கூடத்தில் வளர்ந்தவன். 1841 இல் உதயதாரகை வெளிவந்த காலம் தொட்டு ஓப்செற் இயந்திரம் வரும்வரை யாழ்ப்பாணத்தில் அச்சுத் தொழில் ஈய எழுத்தை நம்பித்தான் இருந்தது. தேய்ந்த எழுத்துகளைச் சட்டியில் போட்டு உருக்கிக் கட்டியாக்குவது எங்கள் வீட்டில் வழக்கமான வேலை. ஈயம், வெள்ளீயம், அந்திமனி மூன்றும் சேர்ந்தால் என்ன குணம் வரும் என்பது கைப்பழக்கமாகவே தெரியும். சன்னம் வார்ப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே மூன்று உலோகங்கள்தான். துவக்குப் பக்கத்து விசயங்களை வாசித்தும், அவனோடும் அங்கே பல வருடம் வார்த்துச் சுடும் நண்பர்களோடும் கதைத்தும் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி இல்லாமல் ரவை செய்வது குற்றம். துவக்குச் சத்தத்தை நினைக்கவே விரும்பாத குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டப்படி வேட்டையாடுகிற, இலக்குச் சுடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு. ஊரில் யாரும் முயல்வதற்கு அல்ல.

சரி, கேள்விக்கு வருவோம். "எந்த ஈயம்" என்பது இரண்டாவது கேள்வி. "என் குழல் எத்தனை அகலம்" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் உலோகத்தையும் பூச்சையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் கடைசியில் "வார்ப்புச் சன்னம் சரிவராது" என்று கைவிடுகிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அதை வைத்துத்தான்.

ஈயம் ஏன் ஒட்டுகிறது

குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் தவாளிப்புகள் இருக்கும். சன்னம் அந்தத் தவாளிப்புகளை முழுக்க அடைத்துக்கொண்டு போகவேண்டும். அளவு ஒரு மயிரிழை குறைந்தால்கூட, பின்னால் எரியும் வெடிமருந்தின் காஸ் சன்னத்தின் ஓரத்தால் முன்னுக்குப் பாயும். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் சன்னத்தின் ஓரம் அரிபட்டு உருகித் தெறித்து, முன்னால் இருக்கும் குழற்சுவரில் போய் ஒட்டும். அடுத்த சன்னம் அதை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போகும். பத்து இருபது சூட்டில் தவாளிப்பு நிரம்பி, குறி எங்கோ போகத் தொடங்கும். குழலில் ஈயம் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வேறு காரணங்களும் உண்டு. சன்னத்தின் வரிப்பள்ளத்தில் பூசிய கிறீஸ் பாதி வழியில் தீர்ந்துபோகலாம். மிக மென்மையான ஈயத்தை மிக வேகமாகத் தள்ளினால் அது தவாளிப்பைப் பிடித்துச் சுழலாமல் வழுக்கி உரசலாம். குழல் உள்ளே சொரசொரப்பாக இருக்கலாம். ஆனால் அளவு பிழைத்திருந்தால் இவை எதைச் சரிசெய்தும் பயனில்லை.

லீவர் துவக்கில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாக வரும். மார்லின் 1950களில் மைக்ரோ குறூவ் என்ற குழலைக் கொண்டுவந்தது. வழமையான ஆழமான தவாளிப்புகளுக்குப் பதிலாக, ஆழம் குறைந்த பல தவாளிப்புகள். 30-30 என்ற ரவை அளவுக்கான குழலில் பெரும்பாலும் 12 இருக்கும். செப்புறை போட்ட சன்னத்துக்கு அது அருமையான குழல். "மைக்ரோ குறூவில் ஈயம் சுட முடியாது" என்ற பேச்சு அப்போது தொடங்கி இன்றும் ஓயவில்லை. உண்மை என்னவென்றால், அந்தக் குழல்கள் பல பெயரளவைவிடச் சற்று அகலம். 30-30 இன் தவாளிப்பு விட்டம் பெயரளவில் 0.308 அங்குலம். அதை நம்பி 0.309 இல் சன்னம் போட்டால் சில மார்லின்களில் ஈயம் பூசும். 0.310 அல்லது 0.311 போட்டால் அதே குழல் சுத்தமாகச் சுடும். .44 மக்னம் என்ற ரவைக்கான மார்லின்களிலும் இதே கதைதான்: புத்தகம் 0.429 என்னும், குழல் 0.431 அல்லது அதற்கு மேலும் இருக்கும்.

முதலில் அளவு

குழலை அளக்கும் வழி எளிது. துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு தரம் பார்த்து உறுதிசெய்துவிட்டு, குழலைவிடச் சற்றுப் பெரிய மென்மையான ஈயக்குண்டு ஒன்றை எண்ணெய் தடவி வாய்ப்பக்கமாகத் தட்டி இறக்கி, பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளி வெளியே எடுக்கவேண்டும். தூண்டிலுக்குக் கட்டும் குண்டே போதும். குருநகர், பாசையூர்க் கரையில் வலைக்கும் தூண்டிலுக்கும் போடுகிற மாதிரியான குண்டை அங்கேயும் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கலாம். நகத்தால் கீறினால் கோடு விழவேண்டும், அப்போதுதான் அது போதிய மென்மை. வெளியே வந்த குண்டின் மேடுகளை மைக்ரோமீற்றரால் அளந்தால் தவாளிப்பு விட்டம் கிடைக்கும். வேர்னியர் இதற்குப் போதாது. நாம் தேடுவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 0.025 மில்லிமீற்றர் வித்தியாசத்தை.

சன்னம் அந்த அளவைவிட ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ கூடுதலாக இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால், சுடும்போது ரவை உட்காரும் அறைக்குள் அது ஏறாது. ஏறினாலும் கோதின் (மருந்தையும் சன்னத்தையும் தாங்கும் பித்தளைக் கூட்டின்) கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். எனவே மேல் எல்லையைத் தீர்மானிப்பது அறை.

குண்டைத் தள்ளும்போது கைக்குத் தெரிவதைக் கவனிக்கச் சொல்லி அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். லீவர் துவக்குகளில் குறிபார்க்கும் பின்குறிக்காகக் குழலின் மேலே வெட்டிய இடத்துக்கு நேர் கீழேயும், எழுத்துப் பொறித்த இடத்திலும், சட்டகத்துக்குள் குழல் முறுக்கிய இடத்திலும் உட்புறம் சற்று இறுகியிருப்பது உண்டு. இறுக்கத்தைத் தாண்டி அகலமான பகுதிக்குப் போனதும் சன்னம் அங்கே தளர்வாகிவிடும், காஸ் பாயும். அப்படி ஒரு குழல் வாய்த்தால் வேகத்தைக் குறைத்துச் சுடுவதோ பூச்சுச் சன்னத்துக்குப் போவதோதான் வழி. உலோகத்தைக் கடினமாக்கி அதைச் சமாளிக்க முடியாது.

இன்னொரு இடத்திலும் அளவு களவு போகும், பலர் கவனிப்பதில்லை. செப்புறைச் சன்னத்துக்கென்று செய்த ரவை நிரப்பும் டை (கோதை உள்ளே தள்ளி அளவாக்கும் கருவி), கோதின் கழுத்தை மிக இறுக்கமாக விடும். 0.310 இல் பார்த்துப் பார்த்துச் செய்த மென்மையான சன்னத்தை அந்தக் கழுத்துக்குள் அமுக்கினால் அது 0.308 க்கு நசுங்கிவிடும். வார்ப்புச் சன்னத்துக்கென்றே கழுத்தைப் படியாக விரித்துக் கொடுக்கும் டை விற்கிறார்கள், லைமன் நிறுவனத்தின் எம் டை அதில் பெயர்போனது. ஒரு ரவையை நிரப்பி, சன்னத்தைத் திரும்பக் கழற்றி அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கடின ஈயம்: எல்லோரும் முதலில் தேடுவது

"ஈயம் ஒட்டுகிறதா? கடினமாக்கு." கேட்கக் கேட்க நியாயமாகத்தான் படும். என் கையில் கடின ஈயத்துக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

ஈயத்தின் கடினத்தைப் பிரினெல் எண்ணால் சொல்வார்கள். தூய ஈயம் 5. கார்ச் சில்லில் சமநிலைக்காகக் கொழுவும் ஈயத்துண்டு 11, 12. ஈயம் 90, வெள்ளீயம் 5, அந்திமனி 5 என்று கலந்த லைமன் இரண்டாம் இலக்கக் கலவை 15. பத்திரிகை வரிகளை வார்த்த லைனோடைப் உலோகம், ஈயம் 84, அந்திமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம், 22 பக்கம் வரும். கையால் கோர்க்கும் ஒற்றை எழுத்து அதைவிடவும் கடினம், சிலவற்றில் அந்திமனி 20 சதவீதத்தையும் தாண்டும். அந்திமனி அதிகமானால் உலோகம் ஆறும்போது சுருங்குவது குறையும், ஓரங்கள் கூர்மையாக வரும். எழுத்துக்கு வேண்டியது அதுதான், ஆயிரக்கணக்கான தாள்களின் அழுத்தத்தைத் தாங்கவும் வேண்டும். சன்னத்தின் வேலை வேறு.

மருந்து எரியும்போது சன்னத்தின் அடி சற்று அமுங்கி விரிந்து தவாளிப்பை அடைத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு தோராயமான கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கினால், அந்த உலோகம் அமுங்கத் தொடங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று வரும். 12 என்றால் ஏறத்தாழ 17,000. 22 என்றால் 31,000 க்கு மேல். இப்போது .38 ஸ்பெஷல் என்ற ரவையைப் பாருங்கள். .357 லீவர் துவக்கில் பழகுவதற்கு அதைத்தான் பலர் சுடுவார்கள். அதன் உச்ச அழுத்தமே 17,000. .45 கோல்ட் 14,000. லைனோடைப் சன்னம் அந்த அழுத்தத்தில் அசையாது. அளவு கொஞ்சம் பிழைத்திருந்தாலும் காஸ் ஓரத்தால் பாய்ந்துகொண்டே இருக்கும். கடினமாக்கியதாலேயே ஈயம் கூடுதலாக ஒட்டுவது இப்படித்தான்.

30-30 இன் உச்ச அழுத்தம் 42,000. அங்கே இந்தக் கணக்குத் தடையில்லை, லைனோடைப்பும் விரியும். ஆனால் அங்கே வேறு குறை. அந்திமனி மிகுந்த உலோகம் நொறுங்கும் தன்மையது. எலும்பில் பட்டால் உடைந்து சிதறலாம், தசையில் பட்டால் விரியாமல் துளைத்துக்கொண்டு போகலாம். இரண்டுமே வேட்டைக்கு ஆகாது. மானை ஒரே சூட்டில் விழுத்தாமல் காயப்படுத்தி ஓடவிடுவது பாவம். சிதறிய ஈயம் இறைச்சிக்குள் போவதும் நல்லதல்ல, அந்த இறைச்சியைப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

எழுத்து உலோகத்துக்கு நல்ல உபயோகம் உண்டு: கலப்பதற்கு. ஒரு பங்கு லைனோடைப்போடு மூன்று பங்கு தூய ஈயம் சேர்த்தால் அந்திமனி 3, வெள்ளீயம் 1 சதவீதம் வரும். சில்லு ஈயத்துக்குக் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தது போலத்தான். சன்னம் வார்க்கும் அச்சும் நன்றாக நிரம்பும். வேட்டைக்கும் பழகுவதற்கும் நான் சொல்லும் உலோகம் இதுவே. இன்னும் கடினம் வேண்டுமென்றால், அச்சிலிருந்து சூட்டோடு தண்ணீரில் விழுத்தினால் சில்லு ஈயம் போன்ற கலவை 18, 20 வரை ஏறும். காசு செலவில்லை. அதுவும் எப்போதும் தேவைப்படாது.

அடி தட்டையான வெறும் சன்னம்

அடியில் எதுவும் போடாமல், நடுத்தரக் கலவையில் வார்த்து, கிறீஸ் பூசிச் சுடுவது. மலிவும் எளிமையும் இதில்தான். செக்கனுக்கு 1,400, 1,500 அடி வரை பிரச்சினையில்லாமல் போகும். .38 ஸ்பெஷல், .45 கோல்ட், 1873 இல் வின்செஸ்ரரோடு வந்த .44-40, அளவாக நிரப்பிய .44 மக்னம் எல்லாவற்றுக்கும் இது தாராளம். இந்த ரவைகளில் சில பிறந்ததே மென்மையான ஈயச் சன்னத்தோடுதான். அளவு சரியென்றால் ஒரு நாள் முழுக்கச் சுட்டாலும் குழல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று சொல்பவர்களோடு கதைத்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் குழலை அளந்தவர்கள்.

30-30 இல் வெறும் சன்னத்தை வேட்டை வேகத்துக்குத் தள்ளக்கூடாது. இலக்குப் பலகைக்கு மெதுவாகச் சுட நல்லது, அவ்வளவுதான்.

கிறீஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகும் அலொக்ஸ் என்ற மசகுப்பொருளும் சரிபாதி கலந்த, அமெரிக்கத் தேசிய றைபிள் சங்கத்தின் பழைய கலவைதான் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். தேன்மெழுகு 62 பாகை செல்சியசுக்குப் பிறகுதான் உருகும், எங்கள் வைகாசி வெயிலையும் தாங்கும். ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போவது நவம்பர்க் குளிரில். மெழுகு கூடிய கடினக் கிறீஸ் அந்தக் குளிரில் இறுகி, முதல் சூடு மற்றச் சூடுகளோடு சேராமல் தள்ளி விழும். வேட்டையில் முக்கியம் முதல் சூடுதான். அங்கே மென்மையான கலவையே வேண்டும். கோடையில் இலக்குப் பலகையில் நன்றாக விழுந்ததை நம்பி நவம்பரில் போகாதே, ஒரு குளிர்நாள் காலையில் சுத்தமான குழலால் ஒரே ஒரு சூடு சுட்டுப் பார் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.

காஸ் செக்

சன்னத்தின் அடியில் பொருத்தும் சின்னச் செப்புக் கிண்ணம் இது. அடியைச் சற்று ஒடுக்கி வார்க்கும் அச்சு இதற்கென்றே தனியாக வேண்டும். சன்னத்தை வேண்டிய விட்டத்துக்குக் கொண்டுவரும் சைசிங் டைக்குள் தள்ளும்போது கிண்ணம் இறுகிக்கொள்ளும். சூடான காஸ் ஈயத்தின் அடியை அரிக்காமல் தடுக்கும், தவாளிப்பை உறுதியாகப் பிடிக்கும், போகிற போக்கில் குழலையும் சற்று வழித்துவிடும்.

30-30 வேட்டைக்கு இதுதான் என் தெரிவு. நடுத்தரக் கலவையில், மென்மை கெடாமலே, செக்கனுக்கு 1,800 முதல் 2,000 அடி வரை போகலாம். கடையில் வாங்கும், 170 கிறெயின் எடைச் சன்னம் போட்ட ரவை 2,200 பக்கம் போகும். அதற்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. காட்டுக்குள் கிட்டத்தில் சுடும் மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முன்முனை தட்டையாக இருப்பதால் மெதுவான வேகத்திலும் காயம் வலுவாக விழும்.

முன்முனை தட்டையாக இருக்கவேண்டியது லீவர் துவக்கில் விருப்பம் சார்ந்த விசயமே இல்லை. குழாய் மகசினில், அதாவது ரவைகள் படுத்திருக்கும் கீழ்க்குழாயில், ஒரு சன்னத்தின் முனை முன்னால் இருக்கும் ரவையின் பிறைமரில் (தட்டினால் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில்) முட்டிக்கொண்டு இருக்கும். கூர்முனை என்றால் உதைப்பில் அது வெடிக்கக்கூடும். லைமன் 311041 அச்சு 30-30 க்கென்றே பேர்பெற்ற தட்டைமுனை, காஸ் செக் அச்சு. ஆர்சிபிஎஸ், லீ நிறுவனங்களிடமும் 150, 170 கிறெயினில் தட்டைமுனை அச்சுகள் உண்டு. அச்சில் கழுத்து மடிக்கும் பள்ளம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மகசின் சுருளின் அழுத்தத்திலும் உதைப்பிலும் சன்னம் கோதுக்குள் இறங்கிவிடாமல் அந்த மடிப்புத்தான் பிடித்து வைக்கும்.

குறை என்ன? ஒவ்வொரு சன்னத்துக்கும் ஒரு கிண்ணம் செலவு. கடையில் கையிருப்பு இல்லாத காலத்தில் காத்திருக்கவேண்டும். இலக்குப் பலகையில் நூற்றுக்கணக்கில் சுடுபவனுக்கு அது வீண் செலவு. வேட்டைக்கு வருடத்தில் ஒரு கை நிறைய ரவை போதும் என்பவனுக்குப் பொருட்டே இல்லை.

பவுடர் பூச்சு

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வார்ப்புக்காரர்கள் பலர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இரும்புக் கதவு, கார்ச் சில்லுக்கு அடிக்கும் அதே பொலியெஸ்ரர் பவுடர்தான். பிளாஸ்ரிக் டப்பாவில் சன்னங்களையும் பவுடரையும் போட்டுக் குலுக்கினால் நிலைமின்னால் பிடித்துக்கொள்ளும். 200 பாகை அடுப்பில் 20 நிமிடம் வைத்தால் உருகி இறுகிய தோலாகிவிடும். குழலைத் தொடுவது அந்தத் தோல், ஈயம் அல்ல. கிறீஸ் தேவையில்லை, புகையும் குறைவு, சன்னத்தைக் கையால் எடுக்கும்போது விரலில் ஈயம் படுவதும் குறைவு. மைக்ரோ குறூவ் குழல்களில் இது நன்றாக வேலை செய்வதற்கு இன்னொரு காரணம், பூச்சு விட்டத்தை ஆயிரத்தில் ஒன்று இரண்டு கூட்டும். அச்சு கொஞ்சம் சிறிய சன்னமாக விழுத்தினாலும் சமாளிக்கலாம்.

இலக்குப் பலகைக்கும் .357, .44 போன்றவற்றுக்கும் இதையே எடுக்கலாம் என்பேன். குளிரில் இறுகும் கிறீஸ் பிரச்சினையும் இதில் இல்லை. ஆனால் பூச்சு எல்லாப் பிழையையும் மறைக்கும் என்று நினைக்கக்கூடாது. பூசியபின் திரும்ப சைசிங் டைக்குள் தள்ளி அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அளவு குறைந்தால் காஸ் பாயும், தோல் எரியும், பழைய கதைதான். தண்ணீரில் விழுத்திக் கடினமாக்கியிருந்தால், அடுப்புச் சூட்டில் அந்தக் கடினம் இளகிவிடும். வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து எடுத்ததும் மறுபடியும் தண்ணீரில் போடவேண்டும். அடுப்பு சமையலறை அடுப்பாக இருக்கவே கூடாது. தனியாக ஒரு பழைய மேசை அடுப்பு, வீட்டுக்கு வெளியே. பவுடரின் தூசுக்கு முகக்கவசமும் வேண்டும்.

வேட்டை வேகத்துக்கு? பூச்சோடு காஸ் செக்கும் சேர்த்துச் செய்பவர்கள் உண்டு. அது இரண்டின் நன்மையும் தரும், வேலையும் இரட்டிப்பு.

மற்றவை

சன்னத்தைக் கடதாசியால் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுடும் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஒற்றை ரவை துவக்கில் அழகாக வேலை செய்யும். லீவர் அடிக்க அடிக்கக் கடதாசி கிழியும். லீவர்க்காரர் அதை விட்டுவிடலாம்.

வார்க்கவே வேண்டாம், செப்புறைச் சன்னம் வாங்குவோம் என்பதும் மதிக்கவேண்டிய தெரிவு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, ஈயம் உருக்கத் தனியிடம் இல்லையென்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். உருக்கும் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. ஆபத்து மேலே மிதக்கும் கசட்டின் தூசிலும், கழுவாத கையிலும்தான். கசட்டை மூடிய தகரத்தில் சேர்க்கவேண்டும், வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு தோய்க்கக்கூடாது, அந்த இடத்தில் தேத்தண்ணியும் வேண்டாம். உருகிய ஈயத்தில் ஒரு துளி தண்ணீர் விழுந்தால் சட்டி வெடித்துத் தெறிக்கும். பழைய பற்றரியின் ஈயத்தை எந்த நிலையிலும் உருக்கக்கூடாது, அதிலிருந்து நச்சு வாயு வரும்.

சில்லு ஈயம் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் துண்டுகளில் பல நாகம் (துத்தநாகம்). ஈயம் 327 பாகையில் உருகும், நாகம் 419 இல். சட்டியை 400 க்குக் கீழே வைத்தால் நாகத்துண்டு உருகாமல் மிதக்கும், எடுத்து எறியலாம். கலந்துவிட்டால் அச்சு சரியாக நிரம்பாது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயச் சன்னமே தடை. அங்கே செம்புச் சன்னம்தான், இந்த ஒப்பீடு இலக்குப் பலகைக்கு மட்டும் பொருந்தும்.

மருமகனுக்குச் சொன்னது

30-30 மார்லினுக்கு: குழலை அளந்தபிறகுதான் அச்சு வாங்கு. தட்டைமுனை, காஸ் செக் அச்சு, நடுத்தரக் கலவை, குழல் 0.309 என்றால் 0.310 அல்லது 0.311, மென்மையான கிறீஸ். பழகுவதற்கு அதே அச்சுச் சன்னத்தைக் கிண்ணம் போடாமல் பவுடர் பூசி மெதுவாகச் சுடு. மருந்தின் அளவை வார்ப்புச் சன்னத்துக்கென்று வெளியிட்ட புத்தகத்தில் இருந்து மட்டும் எடு, யாரும் வாயால் சொன்னதை எடுக்காதே. அவனுடைய நண்பன் .357 துவக்கு வாங்கப் போகிறான். அவனுக்குக் காஸ் செக்கே வேண்டாம், வெறும் சன்னமோ பூச்சுச் சன்னமோ 0.358, 0.359 இல் போதும்.

சுடத் தொடங்கும் முன், பழைய துவக்கென்றால் குழலில் இருக்கும் செப்புப் படிவை முழுக்க எடுக்கவேண்டும். அதன்மேல் ஈயம் சட்டென்று பிடிக்கும். பிறகு பத்துச் சூடு சுட்டுவிட்டு, துவக்கை வெறுமையாக்கி, வெளிச்சம் அடித்துப் பார்க்கவேண்டும். அறைப்பக்கத்தில் ஈயம் தெரிந்தால் அளவு குறைவு, ஆயிரத்தில் ஒன்று கூட்டு. தவாளிப்பின் ஓரங்களில் கோடு கோடாக இருந்தாலும் காஸ் பாய்கிறது என்றே அர்த்தம். வாய்ப்பக்கத்துக் கடைசி அங்குலங்களில் மட்டும் இருந்தால் கிறீஸ் தீர்ந்துவிட்டது, கிறீஸை மாற்று. குழல் முழுக்கப் பூசியிருந்தால் வேகத்தைக் குறைத்துப் பார், அதற்குப் பிறகும் மாறாவிட்டால்தான் கலவையைக் கடினமாக்குவது பற்றி யோசி.

ஒட்டியதை எடுக்க, தூய செம்புக் கம்பியால் செய்த பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பழைய பிறஷில் சுற்றி இழுத்தால் துண்டு துண்டாக வரும். செம்பு முலாம் பூசிய இரும்புப் பஞ்சா என்று காந்தம் வைத்துப் பார்க்கவும், இரும்பென்றால் குழல் கீறுப்படும். வினாகிரியும் பெரொக்சைட்டும் கலந்து ஊற்றும் பழக்கம் வேண்டாம். அது ஈயத்தைக் கரைத்து விஷமுள்ள உப்பாக்கிக் கையில் தரும். ஒட்டியிருக்கும் ஈயத்தின்மேல் செப்புறைச் சன்னம் சுட்டு வழித்தெடுப்பதும் நல்ல வழியல்ல. மார்லினில் லீவரின் ஒற்றை ஆணியைக் கழற்றினால் அறையைப் பின்னால் மூடும் போல்ற் வெளியே வந்துவிடும், அறைப்பக்கம் இருந்தே சுத்தம் செய்யலாம். வின்செஸ்ரர் 94 இல் அது இலகுவாக நடக்காது, வாய்ப்பக்கமாகத்தான் கம்பியை விடவேண்டும். அப்போது கம்பி வாயின் விளிம்பை உரசாமல் இருக்க வாய்க்குப் பொருந்தும் பித்தளைக் கூம்பு ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.